எழுத்துத் திருத்தியைத் தேர்தல்

ஓலையில் எழுதிய முற்காலத் தமிழர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர். எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை துளைபட்டுவிடும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படும். எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் எழுத்தின்மீது தம் அடையாளத்தைப் பதித்துவிடுகின்றன. கணினியில் எழுதும் இக்காலத்தவரும் இந்நியதிக்கு விலக்கானவர் அல்லர். அவர்கள் கையாளும் திருத்திகளுள் ஒவ்வொன்றும் தான் பிறந்த பொறியின் வறுமையையோ வளத்தையோ இன்றும் சுமந்து நிற்கின்றது. இதனை அறிந்தவருக்கே அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

கணினி என்றவுடன் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது வண்ணப் படங்கள் நிறைந்த திரையே. கணினிக்கு வேறொரு முகமும் உண்டு. அங்கே படமில்லை, சுட்டெலிக்கு வேலையில்லை. கருந்திரையில் சிறு குறியொன்று மினுங்கிக்கொண்டிருக்கும். பணியாளர் ஒரு கட்டளையைத் தட்டெழுதி அனுப்பினால் பொறி எழுத்தாலேயே மறுமொழி கூறும். இதனைக் கட்டளைவரி என்பர். யுனிக்ஸ், அதன் நெறியைப் பின்பற்றி எழுந்த லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகளில் இம்முகமே இன்றும் தலைமை பெற்றுள்ளது. எங்கோ தொலைவில், ஆளில்லாத அறையிலிருந்து பல்லாயிரவருக்குப் பணிபுரியும் பெருங்கணினிகளைப் பேணுவோர் பெரும்பாலும் இம்முகத்தின் வாயிலாகவே அவற்றோடு உரையாடுகின்றனர்.

இத்தகைய முறைமையில் யார் உள்ளே வரலாம், எப்பணி எவ்வேளை தொடங்கவேண்டும் என்பன போன்ற ஒழுங்குகள் யாவும் வெறும் எழுத்தாலான கோப்புகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் ஒழுங்கை மாற்றவேண்டின் அக்கோப்பைத் திறந்து, உரிய வரியைத் திருத்தி, மீண்டும் சேமித்து வைத்தல் வேண்டும். அதற்குரிய கருவியே எழுத்துத் திருத்தி. கடிதம் எழுதுவோர் கையாளும் சொற்செயலியினின்று இது வேறானது. எழுத்தின் பருமன், ஓரத்து இடைவெளி, அலங்காரம் ஆகியவற்றைப் பற்றி இதற்குக் கவலையில்லை. எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும், அவ்வளவே. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் ஒரு பணி முழுவதும் நின்றுவிடக்கூடும். ஆதலின் திருத்தியைத் தேர்தல் அற்ப விடயமன்று.

இத்திருத்திகளின் வரலாறு காகிதத்திலே தொடங்குகின்றது. 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன் என்பார் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கியபோது அதற்கென ஒரு திருத்தியையும் ஆக்கினார். அதன் பெயர் ஈ-டி. அக்காலத்தில் கணினியோடு பேசுவதற்குப் பலருக்குக் கிடைத்தது திரையன்று. காகிதச் சுருளிலே தட்டெழுத்துப் பதிக்கும் ரெலிரைப் என்னும் பொறியே. அதன் வேகம் வினாடிக்குப் பத்து எழுத்து. அச்சான காகிதத்தை எவ்வாறு திருத்துவது? ஆதலின் ஈ-டி தானாக எதையும் காட்டுவதில்லை. ஒரு வரியைக் காணவேண்டின் அதன் எண்ணைக் கூறிக் கேட்கவேண்டும். மாற்றியபின் சரியாயிற்றா என்று அறிய மீண்டும் கேட்கவேண்டும். தவறான கட்டளையைக் கொடுத்தால் அது ஒரேயொரு கேள்விக்குறியை மட்டும் இடும். வினாடிக்குப் பத்து எழுத்து அச்சாகும் பொறியில் நீண்ட விளக்கவுரை அச்சாகி முடியுமட்டும் காத்திருக்க எவருக்குப் பொறுமையிருக்கும்?

ஈ-டியைக் கண்டு அஞ்சியவர்களும் உளர். இலண்டன் குயீன் மேரிக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய ஜோர்ஜ் கூலூரிஸ், திரையுள்ள முனையத்துக்கு ஏற்றவாறு ஈ-டியைச் சிறிது மாற்றியமைத்தார். தம் ஆக்கத்துக்கு அவர் இட்ட பெயரின் பொருள், 'மானிடருக்கான திருத்தி' என்பதாகும். ஈ-டி தேவர்களுக்கே ஏற்றது என்னும் குறும்பு அப்பெயரில் மறைந்திருந்தது. 1976ஆம் ஆண்டுக் கோடையில் அவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்குச் சென்றிருந்தபோது அதனை ஆங்கிருந்தோருக்குக் காட்டினார். பில் ஜோய் என்னும் மாணவர் அதனைக் கண்டு ஊக்கம் பெற்றார். சக் ஹேலி என்னும் நண்பரோடு அவர் தொடங்கிய வேலையே வளர்ந்து, ஈற்றில் வீ-ஐ என்னும் திருத்தியாக உருப்பெற்றது.

வீ-ஐயின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டின் பில் ஜோயின் மேசையை நோக்குதல் வேண்டும். அவர் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு இணைந்திருந்தார். அவ்விணைப்பில் வினாடிக்குச் செல்லக்கூடியவை ஏறத்தாழ முப்பது எழுத்துகளே. எண்பது எழுத்து அகலமும் இருபத்துநான்கு வரி உயரமும் கொண்ட திரையில் 1920 எழுத்துகள் அடங்கும். ஆகவே, திரை முழுவதையும் ஒருமுறை புதிதாக எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். எழுதுபவனுடைய எண்ணம் ஓடிக்கொண்டிருக்க, திரை ஊர்ந்து வரும். இத்தகைய நிலையில் ஒவ்வொரு விசையும் பொருள் நிறைந்ததாக இருத்தல் வேண்டும். எனவே வீ-ஐயில் இரு நிலைகள் அமைந்தன. ஒரு நிலையில் விசைகள் எழுத்தை இடும்; மற்றைய நிலையில் அதே விசைகள் கட்டளையாகும். கட்டளை நிலையில் டி என்னும் விசை 'அழி' என்னும் வினையாகும். டபிள்யூ என்னும் விசை 'சொல்' என்னும் பொருளாகும். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் ஒரு சொல் அழியும். மூன்று என்னும் எண்ணை முன்னே சேர்த்தால் மூன்று சொற்கள் அழியும். வினையும் பொருளும் எண்ணும் கூடி வாக்கியமாவதுபோல இங்கே கட்டளை அமைகின்றது. சில இலக்கண விதிகளைக் கற்றவன் தான் முன்னர்க் கேட்டறியாத வாக்கியத்தையும் அமைத்துக்கொள்வான் அல்லவா? வீ-ஐயைக் கற்றவர் அதனைக் கைவிட மனங்கொள்ளாமைக்குக் காரணம் இதுவே.

சுட்டியை நகர்த்துவதற்கு வீ-ஐயில் எச், ஜே, கே, எல் என்னும் விசைகள் பயன்படுவது புதியவருக்கு விந்தையாகத் தோன்றும். பில் ஜோய் கையாண்ட ஏ-டி-எம் 3-ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிக்கெனத் தனி விசைகள் இருக்கவில்லை. அந்நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்து நிலையினின்று மீளுவதற்குரிய விடுபடு விசையும் அதிற் கைக்கு அண்மையில் இருந்தது. இன்றைய விசைப்பலகையிலோ அது மூலைக்குப் போய்விட்டது. முனையம் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் அதன் வடிவம் திருத்தியிலே உயிர்வாழ்கின்றது.

இருநிலை ஏற்பாட்டில் இடரும் உண்டு. எந்நிலையில் நிற்கின்றோம் என்பதை மறந்தவன் எழுதுவதாக எண்ணிக்கொண்டு கட்டளையிட்டுவிடுவான். 1970களில் சேரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் வழங்கிய பிராவோ என்னும் திருத்தியைப் பற்றிய வரலாறு ஒன்று இத்துறையில் பெயர்பெற்றது. ஒருவர் கட்டளை நிலையில் இருப்பதை மறந்து 'எடிற்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவு செய்யும். இரண்டாவது அதனை அழிக்கும். மூன்றாவது புதிய எழுத்தை இடும் நிலைக்குத் திருப்பும். நான்காவது எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் எஞ்சி நிற்கும். அந்நிலையத்தில் பணியாற்றிய லாரி ரெஸ்லர் என்பார் இத்தகைய நிலைகளே வேண்டா எனத் தம் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார்.

வீ-ஐ தோன்றிய அதே 1976ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், ஈமாக்ஸ் என்னும் வேறொரு திருத்தி பிறந்தது. றிச்சர்ட் ஸ்ரோல்மன், கை ஸ்ரீல் ஆகியோர் பழைய திருத்தியொன்றுக்காகப் பலரும் எழுதி வைத்திருந்த கட்டளைத் தொகுதிகளை ஒருங்கு சேர்த்து அதனை ஆக்கினர். அங்கிருந்த முனையங்கள் விரைவானவை. கணினி அருகிலேயே இருந்தது. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் திரையைப் புதுப்பித்துக் காட்டுவது அங்கே சுமையாக இருக்கவில்லை. ஈமாக்ஸில் எழுத்து விசை எப்பொழுதும் எழுத்தையே இடும். கட்டளைக்கு வேறு விசையொன்றைச் சேர்த்து அழுத்துதல் வேண்டும். நிலை மறந்து கெடும் அச்சம் நீங்கிற்று. சிறுவிரல் நோகும் குறை வந்தது. ஸ்ரோல்மன் பின்னர் எழுதி 1985இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸே இன்று பெரிதும் வழங்குவது.

ஈமாக்ஸின் சிறப்பு, பயன்படுத்துபவரே அதனை விரித்துக்கொள்ளலாம் என்பதாகும். இதற்கு லிஸ்ப் என்னும் நிரல்மொழி பயன்படுகின்றது. 1978ஆம் ஆண்டில் பேர்னாட் கிறீன்பேர்க் என்பார் மல்ரிக்ஸ் என்னும் முறைமைக்காக ஓர் ஈமாக்ஸை லிஸ்ப் மொழியிலேயே எழுதினார். அவருடைய அலுவலகத்துச் செயலாளர்களும் அதனை விரித்தெழுதக் கற்றுக்கொண்டனர் என்று ஸ்ரோல்மன் கூறியுள்ளார். அவர்களுக்குக் கிடைத்த கைந்நூலில், 'இது நிரல் எழுதுதல்' என்ற சொல்லே காணப்படவில்லையாம். நிரல் எழுதுதல் தமக்கு இயலாதது என்று நம்பியிருந்தவர்கள், அச்சொல்லைக் காணாமையால் அச்சமின்றி அதனையே செய்துவிட்டனர். கற்பித்தற் றொழிலில் உள்ளோர் இச்செய்தியை மறத்தலாகாது.

இவ்விரண்டுக்கும் பிற்பட்டு வந்தது மூன்றாம் வகை. வாசிங்ரன் பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சல் எழுதுவோருக்காகப் பைன் என்னும் செயலி ஆக்கப்பட்டது. அதனுடன் வந்த சிறு திருத்தி பீக்கோ. மின்னஞ்சல் எழுத வந்தவருக்குத் திருத்தியைக் கற்பதில் நாட்டமிராது என்பதை அதன் ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். ஆதலின் திரையின் அடியிலுள்ள இரு வரிகளில் முக்கிய கட்டளைகள் எப்பொழுதும் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் பீக்கோவின் உரிமநிபந்தனைகள் அதனை மாற்றித் தடையின்றிப் பகிர்வதற்கு இடங்கொடுக்கவில்லை. அக்குறையை நீக்க, 1999ஆம் ஆண்டில் கிறிஸ் அலெகிரெற்றா என்பார் அதனையொத்த புதிய திருத்தியொன்றை எழுதினார். அதுவே நனோ. இன்று டெபியன், உபுந்து முதலிய லினக்ஸ் வகைகளில் வேறொன்றைக் கேளாதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுவே.

இம்மூன்றனுள் எது சிறந்தது என்னும் வாதம் சைவ வைணவ வாதம்போல நெடுங்காலமாக நடந்து வருகின்றது. வீ-ஐயைப் போற்றுவோரும் ஈமாக்ஸைப் போற்றுவோரும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடுவதும், இருசாராரும் சேர்ந்து நனோவைச் சிறுபிள்ளைக் கருவி என்று ஒதுக்குவதும் வழக்கம். பெரும்பகுதி விளையாட்டேயாயினும் இவ்விளையாட்டில் அடிபடுபவன் புதிதாக வந்த மாணவன். அவன் ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் ஒரு திருத்தி அவன்மீது வந்து விழும். நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிற் என்னும் கருவியை முதன்முறை கையாள்பவன் ஒரு குறிப்பு எழுத முற்படுகின்றான். அவன் தன் விருப்பத்தைத் தெரிவித்திராவிடில், கிற் பொதுவாக வீ-ஐயைத் திறந்துவிடும். அவன் தட்டுவது எழுத்தாகவில்லை. வெளியேற முயல்கின்றான், வழி தெரியவில்லை. இவ்வாறு அகப்பட்டவர் ஒருவரிருவர் அல்லர். வீ-ஐயின் வழிவந்த விம் என்னும் திருத்தியினின்று வெளியேறுவது எவ்வாறு என்று பெயர்பெற்ற கேள்விபதில் தளமொன்றில் ஒருவர் எழுப்பிய வினாவை, 2017ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் பத்து இலட்சம் தடவைக்கு மேல் பலர் பார்வையிட்டிருந்தனர். அவர்களுட் பலர் தம் அறிவையே நொந்துகொண்டிருப்பர். உண்மையில் அவர்களைத் தடுமாறச் செய்தது முப்பது எழுத்துச் செல்லும் கம்பி ஒன்றே. அக்கம்பி அறுந்துபோய் நெடுங்காலமாயிற்று.

ஆகவே தேர்ந்தெடுப்போர் 'எது சிறந்தது' என்று வினவுவதை விடுத்து, மூன்று வினாக்களைத் தம்மை நோக்கிக் கேட்டல் நன்று.

முதலாவது, வேலை நடைபெறுவது எங்கே என்பது. தன் கணினியில் மட்டும் எழுதுபவன் விரும்பிய திருத்தியை நிறுவிக்கொள்ளலாம். பிறருடைய கணினிகள் பலவற்றுட் சென்று பணிபுரிபவனுக்கு அவ்வுரிமை இல்லை. அங்கே என்ன இருக்கின்றதோ அதனைக்கொண்டே வேலையை முடித்தல் வேண்டும். யுனிக்ஸ் நெறிசார்ந்த முறைமைகளுக்கான பொசிக்ஸ் என்னும் நியமத்தில் வீ-ஐ இடம்பெற்றுள்ளது. மிகச் சிறிய பொறிகளுக்கென அமைந்த பிசிபொக்ஸ் தொகுதியிலும் அதன் சிறு வடிவம் உண்டு. ஆகவே அத்தகையோன் வீ-ஐயை ஓரளவேனும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, நாள்தோறும் எவ்வளவு நேரம் எழுதவேண்டியுள்ளது என்பது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரியைத் திருத்துபவர் வீ-ஐயின் இலக்கணத்தைக் கற்கச் செலவிடும் நாட்கள் அவருக்குத் திரும்பி வரமாட்டா. அவருக்கு நனோவே பொருத்தம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நாள் முழுவதும் நிரல் எழுதுபவருக்கோ சில வாரங்கள் கற்றற்குச் செலவிட்டாலும் பல்லாண்டுகள் பயன் விளையும். எழுத்தும் குறிப்பும் நிரலும் நாட்காட்டியும் ஓரிடத்திலேயே அமையவேண்டும் என்று விரும்புபவருக்கு ஈமாக்ஸ் இல்லம் போன்றது.

மூன்றாவது, வேலை இடையில் முறிந்தால் என்னவாகும் என்பது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விம், திறந்துள்ள கோப்பின் மாற்றங்களை வேறொரு கோப்பில் இடையறாது குறித்துவரும்; இருநூறு எழுத்துகள் தட்டியவுடனோ, நான்கு வினாடி கை ஓய்ந்தவுடனோ அக்குறிப்பு எழுதப்படும். ஈமாக்ஸும் இவ்வாறு தானாகச் சேமிக்கும். நனோவோ இணைப்பு அறுந்தால் எழுதியதைத் தனிக்கோப்பில் இட்டு வைக்கும். ஆயின் அது இயங்கும் கணினிக்கே மின்சாரம் நின்றுவிட்டால் சேமியாத எழுத்துப் போனதுதான். மின்தடை நேரும் இடங்களில் வாழ்வோர் நனோவைக் கையாளும்போது அடிக்கடி சேமித்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

தமிழ் எழுதுவோர் கேட்கவேண்டிய வினா வேறொன்றும் உண்டு. கட்டளைத் திரை சம அளவுள்ள கட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்னும் ஏற்பாடு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். முன்னும் பின்னும் குறிகளை ஏற்கும் 'கொ', அகன்று நிற்கும் 'ணௌ' போன்ற எழுத்துகள் அக்கட்டத்துள் எவ்வாறு அடங்கும்? இதனால் தமிழ் வரிகளில் சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகத் தோன்றுதல் உண்டு. இக்குறை திருத்தியைச் சார்ந்ததன்று, திரையைச் சார்ந்தது. ஈமாக்ஸைக் கட்டளைத் திரைக்கு வெளியே, அதற்குரிய தனிச் சாளரத்தில் திறந்தால் தமிழ் செம்மையாகத் தோன்றும். தமிழ் தட்டெழுதும் முறைகளும் அதனுடனேயே கிடைக்கின்றன. பல மொழிகளில் முகமன் கூறும் கோப்பொன்று ஈமாக்ஸில் உண்டு. அவ்வரிசையில் 'வணக்கம்' என்னும் சொல்லும் தமிழெழுத்திலே நிற்பதைக் காணலாம்.

விம்மைப் பற்றி இன்னுமொரு செய்தி கூறத்தக்கது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலெனார் அதனை 1991ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டார். வீ-ஐயை மேம்படுத்தி ஆக்கிய அத்திருத்திக்கு அவர் விலை கேட்கவில்லை. உகண்டாவிலுள்ள கிபாலே என்னும் ஊரில், பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணும் நிலையமொன்றில் அவர் 1994ஆம் ஆண்டில் தொண்டாற்றியிருந்தார். விம்மால் பயனடைந்தோர் அப்பிள்ளைகளுக்கு உதவுக என்று மட்டும் வேண்டிக்கொண்டார். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவர் மறைந்தார். பொறியின் அடையாளம் மட்டுமன்றி, ஆக்கியோன் நெஞ்சத்தின் அடையாளமும் கருவியிலே பதியும் என்பதற்கு அவ்வேண்டுகோள் சான்றாகும்.

கற்பிப்போர் கைக்கொள்ளத்தக்க முறையொன்று உண்டு. புதிதாக வரும் மாணவன் கையில் முதலில் நனோவைக் கொடுத்தல் நன்று. கட்டளைவரி அவனுக்குப் பழகட்டும். எழுதிச் சேமித்தோம் என்னும் மகிழ்ச்சி உண்டாகட்டும். தான் விரும்பும் திருத்தியைப் பணிசெயல் முறைமைக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதை அடுத்துக் கற்பிக்கலாம். அதன் பின்னர், எதிர்பாராது வந்து வாய்க்கக்கூடிய வீ-ஐயில் சிறிதளவு: ஐ என்னும் விசையால் எழுதத் தொடங்குதல், விடுபடு விசையால் மீளுதல், முக்காற்புள்ளியுடன் டபிள்யூ, கியூ என்று தட்டிச் சேமித்து வெளியேறுதல், முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி என்று தட்டிச் சேமியாது வெளியேறுதல். இவை ஒரு பாடவேளைக்குள் அடங்கும். இவற்றோடு நிற்பதா, வீ-ஐயிலோ ஈமாக்ஸிலோ ஆழ்ந்து செல்வதா என்பதைப் பின்னர் அவனுடைய வேலையே அவனுக்குச் சொல்லும்.

ஆனால் எந்தத் திருத்தியைக் கற்பிப்பினும், எழுதுவது எவ்வாறு என்பதற்கு முன்னர் வெளியேறுவது எவ்வாறு என்பதையே கற்பித்தல் வேண்டும். வெளியேறும் வழியை அறிந்தவனே அச்சமின்றி உள்ளே செல்வான்.